திட்டில் நின்ற மரம்

காங்கரி காட்டுக்குள் என்னை அழைத்துப்போன நண்பர் முதல் கால் மணி நேரம் எந்த மரத்தையும் காட்டவில்லை. தரையையே காட்டிக்கொண்டு வந்தார். அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்தில், கொலம்பியா நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரம் போனால் அந்தக் காடு. ஆண்டுக்குப் பத்துத் தடவை போலக் காங்கரி ஆறு கரையேறி உள்ளே வந்து போகும். அதனால் பார்வையாளர்களுக்குத் தூண்கள் மேல் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். கீழே கடுந்தேநீர் நிறத்தில் நீர் தேங்கிய பள்ளம். அதில் அடி பருத்து நிற்கும் சைப்ரஸும் டுபெலோவும். பள்ளத்தை விட்டு நகர்ந்தால் மண் மெல்ல எழுகிறது. ஏற்றம் என்று அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கும். இரண்டு முழம், மிஞ்சினால் மூன்று முழம். "இந்த ரெண்டு முழத்துல மரமெல்லாம் மாறிடும், பாத்துக்கிட்டே வாங்க" என்றார்.

மாறின. சைப்ரஸ் பின்தங்கியது, கால் வைக்கும் இடம் உலர்ந்தது, சருகு மிதிபட்டு ஒலித்தது. ஒரு மரத்தடியில் நின்றோம். அண்ணாந்து பார்த்தால் முதல் கிளை எங்கோ உயரத்தில், ஒரு நெட்டைத் தென்னையின் உச்சி இருக்கும் தொலைவில் இருந்தது. அதுவரைக்கும் கணுவும் இல்லை, வளைவும் இல்லை. ஒரே தண்டு. நாங்கள் இருவரும் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாத பருமன். பட்டை கருஞ்சாம்பல் நிறத்தில் சிறு சிறு செதில்களாக விட்டிருந்தது. அங்கே காட்டுச் செர்ரி மரத்தின் பட்டை இப்படித்தான் இருக்கும். அதனால் இதற்குச் செர்ரிபார்க் ஓக் என்று பெயர், செர்ரிப்பட்டை ஓக். நூறு முதல் நூற்று முப்பது அடி உயரம் போகும். தண்டின் குறுக்களவு மூன்று முதல் ஐந்து அடி. அமெரிக்கத் தெற்கின் சிவப்பு ஓக் இனங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

ஓக் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது நீலகிரியிலும் ஏற்காட்டிலும் தேயிலைக்கும் காப்பிக்கும் நிழல் தந்து, மிளகுக்கொடி ஏற இடம் கொடுக்கும் சில்வர் ஓக். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். ஓக்குக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஓக் ஒன்றுகூட இல்லை. அகராதிகள் கருவாலி என்று ஒரு சொல்லை வைத்திருக்கின்றன, ஆனால் அந்தச் சொல்லுக்கு நிழல் கிடையாது. யாரும் அதன் அடியில் உட்கார்ந்ததில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் ஓக் என்றே எழுதுகிறேன். சிவப்பு ஓக் என்ற பிரிவோ அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது. இலை மடல்களின் நுனியில் மயிர்போன்ற கூர்முள் இருந்தால் சிவப்பு ஓக், மடல் மழுங்கி உருண்டிருந்தால் பெரும்பாலும் வெள்ளை ஓக். கையில் ஒரு சருகு கிடைத்தால் போதும், தெரிந்துகொள்ளலாம்.

மரத்தின் பெயருக்குத்தான் தமிழ் இல்லை. அது நிற்கும் நிலத்துக்கு நிறையவே இருக்கிறது. காவிரிக்கரையிலும் கொள்ளிடக்கரையிலும் படுகை, திட்டு, எக்கல், வண்டல் என்ற சொற்கள் இன்றும் பேச்சில் உண்டு. அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு போனால் காங்கரியை அதன் நுணுக்கத்தோடு சொல்லிவிட முடிகிறது. வெள்ளம் கரை தாண்டும்போது நீரின் வேகம் சட்டென்று தணிகிறது. கனமான மணலும் பொடிமண்ணும் கரையோரத்திலேயே படிந்துவிடுகின்றன. நுண்ணிய களிமண் மட்டும் நீரோடு தொலைவு போய், தேங்கிய இடத்தில் மெல்ல அடங்குகிறது. நூற்றாண்டுகளாக இது நடக்க நடக்கக் கரை உயர்ந்து திட்டாகிறது, உள்பகுதி தாழ்ந்து பள்ளமாகவே நிற்கிறது. பிறகு ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். பழைய கரை மட்டும் காட்டுக்கு நடுவே யாருடைய கரை என்று தெரியாத மேடாக நின்றுவிடும். செர்ரிப்பட்டை ஓக் தேடுவது அந்த மேட்டைத்தான். அதற்கு வெள்ளம் கொண்டுவரும் வண்டல் வேண்டும், வெள்ளம் வேண்டாம். வளரும் பருவத்தில் சில வாரங்கள் தொடர்ந்து நீரில் மூழ்கினால் கன்றுகள் செத்துப்போகும். ஆற்றின் கொடையை வாங்கிக்கொண்டு அதன் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்கும் மரம் இது. அந்தத் தூரம் இரண்டு முழம்.

இந்த இரண்டு முழத்தில்தான் இந்த மரத்தின் பெருமையும் கேடும் சேர்ந்து இருக்கின்றன. அதற்கு வருகிறேன். அதற்கு முன் பெயரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும்.

இதன் தாவரவியல் பெயர் குவெர்கஸ் பகோடா. நண்பர் கீழே கிடந்த ஓர் இலையை எடுத்துக் கையில் கொடுத்தார். நடுநரம்புக்கு ஏறக்குறையச் செங்குத்தாக இருபுறமும் விரியும் மடல்கள், அடுக்கடுக்காக. கூரைமேல் கூரை வைத்த கிழக்காசியக் கோபுரத்தின் வெட்டுருவம் போலிருந்தது. முதலில் அந்த ஒப்புமையைப் பெயரில் வைத்தவர் ஸ்டீஃபன் எலியட். தென் கரோலைனாக்காரர். தம் மாநிலத்துக்கும் ஜார்ஜியாவுக்கும் சேர்த்து 1816 முதல் 1824 வரை தாவரநூல் ஒன்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டவர். அவர் இதைத் தெற்கத்திச் சிவப்பு ஓக்கின் ஒரு வகை என்று மட்டுமே கருதினார். தனி இனம் என்று பெயரிட்டவர் ரஃபினெஸ்க், 1838இல். கான்ஸ்டான்டிநோபிளில் 1783இல் பிறந்து, அமெரிக்காவுக்கு வந்து, கண்ணில் பட்ட செடிகளுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் பெயர் வைத்துவிட்டு, 1840இல் பிலடெல்பியாவில் வறுமையில் இறந்துபோன மனிதர். அவர் வைத்த பெயர்களில் பலவற்றைப் பின்வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். பகோடா நிலைத்தது.

பகோடா என்ற சொல் எனக்கு வேறொரு கதவைத் திறந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நம் கடற்கரைகளில் கண்ட கோயிலையும் தெய்வச்சிலையையும் ஒருசேர அந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். பகவதி என்பதன் திரிபு என்று ஒரு சாரார், பாரசீகத்தில் சிலைவீடு என்று பொருள்படும் சொல்லின் திரிபு என்று இன்னொரு சாரார். மாமல்லபுரம் ஐரோப்பிய மாலுமிகளின் வாயில் ஏழு பகோடாக்கள் ஆனது. தெய்வ உருவம் பொறித்த பொன் நாணயமும் பகோடா ஆனது. நாம் வராகன் என்று சொன்னது அதைத்தான். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி கணக்கு எழுதியது அந்தக் காசில்: ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. இந்தியாவுக்கு வந்து சீக்கிரமாகச் செல்வம் சேர்த்துக்கொண்டு திரும்பிய வெள்ளைக்காரர்களைப் பற்றி, பகோடா மரத்தை உலுக்கிவிட்டு வந்தான் என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கே இருந்தது. மரத்தை உலுக்கினால் வராகன் உதிரும் என்று கற்பனை. அப்படி ஒரு மரம் இங்கே இருந்ததில்லை. உலுக்கப்பட்டது ஊர்களும் வயல்களும் தறிகளும். ஆனால் அதே சொல்லைப் பெயராக ஏற்ற மரம் ஒன்று உலகத்தின் மறுபக்கத்தில் உண்மையாகவே நின்றது. அதுவும் உலுக்கப்பட்டது. அந்த இலையை என் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ள நினைத்தேன். தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது என்று நண்பர் சொன்னதால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அன்று மாலை நண்பர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மரப்பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் வயதானவர், பேச்சு குறைவு. சுண்டுவிரல் நீளத்துக்குச் சிவப்பு ஓக் துண்டு ஒன்றை நெடுக்குவாட்டில் வெட்டிக் கொடுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் ஊதச் சொன்னார். ஊதினேன். தண்ணீரில் குமிழ் வந்தது. பார்வைக்குத் திடமான கட்டை. அதற்குள் என் மூச்சு போய் மறுபக்கம் வெளியே வந்தது. வசந்தகாலத்தில் அகன்ற குழாய்களையும் கோடையில் நெருங்கிய நார்களையும் ஓக் மரம் உருவாக்கிக்கொள்கிறது. வெள்ளை ஓக்கில் அந்தக் குழாய்கள் வைரம் பாயும்போது உள்ளிருந்து வளரும் திசுக்களால் அடைபட்டுவிடுகின்றன. சிவப்பு ஓக்கில் அவை திறந்தே இருக்கின்றன. மரத்தையும் புல்லையும் காழ் எங்கே இருக்கிறது என்பதை வைத்துப் பிரித்த மொழி நம்முடையது. மரத்துக்குக் காழ் உள்ளே. அந்தக் காழுக்குள்ளும் காற்றுக்கு வழி உண்டு என்பதை அன்றுதான் உதட்டால் தெரிந்துகொண்டேன்.

இந்த ஒரு வித்தியாசம் இரண்டு ஓக்குகளின் தலையெழுத்தையே பிரித்துவிட்டது. விஸ்கியும் ஒயினும் ஊறும் பீப்பாய்க்கு வெள்ளை ஓக்தான். சிவப்பு ஓக்கில் ஊற்றினால் நார்வழியே கசிந்துவிடும். மாவும் ஆணியும் அடைக்கும் உலர்சரக்குப் பீப்பாய்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தத் திறந்த குழாய்களே இன்னோரிடத்தில் வரமாயின. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைக்கு கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றுவார்கள், மழையிலும் மண்ணிலும் மட்காமல் இருக்க. சிவப்பு ஓக் அதை ஆழம்வரை உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்க ரயில்பாதையில் ஒரு மைலுக்கு மூவாயிரத்துக்கு மேல் கட்டைகள் வேண்டும். எண்ணெய் ஏற்றாமல் வெளியே போட்டால் சிவப்பு ஓக் சீக்கிரம் உளுத்துப்போகும். தேக்கோடு ஒப்பிட்டால், செர்ரிப்பட்டை ஓக் தேக்கைவிடக் கனமானது, தேக்கைவிடக் கடினமானது, ஆனால் தேக்குக்கு இருக்கும் பூச்சியும் பூஞ்சையும் தாங்கும் குணம் இதற்கு இல்லை. வீட்டுக்குள் இருக்கவேண்டிய மரம். தரைப்பலகை, மாடிப்படி, அலமாரி, மேசை, கதவு. நல்ல கட்டையைச் சீவி வெனீர் எடுப்பார்கள்.

பட்டறைக்காரர் சொன்ன இன்னொன்று மனதில் நின்றது. மரக்கடைக்குப் போய்ச் செர்ரிப்பட்டை ஓக் என்று கேட்டால் தருவதற்கு அநேகமாக எங்கும் இருக்காது. சிவப்பு ஓக் என்ற ஒரே பெயரில் ஏழெட்டு இனங்கள் கலந்து விற்கப்படுகின்றன. அறுவை மில் வரைக்கும் அதற்கு அதன் பெயர் உண்டு. தெற்கத்தி மில்காரர்கள் இந்த மரத்தை விரும்பித் தேடுவார்கள், மற்ற சிவப்பு ஓக்குகளைவிடக் குறை குறைந்தது, நேரானது, வலுவானது என்பதால். மில்லைத் தாண்டியதும் பெயர் போய்விடுகிறது. தரம் மட்டும் மிஞ்சுகிறது. அந்தத் தரத்தையும் பலகையின் முகத்தில் கணு இல்லாத பரப்பு எவ்வளவு என்றுதான் அளக்கிறார்கள். 1898இல் தொடங்கிய அமெரிக்கக் கடினமரச் சங்கத்தின் விதிப்படி முதல்தரப் பலகையில் ஆறில் ஐந்து பங்கு சுத்தமாக இருக்கவேண்டும். கணு என்பது என்ன? கிளை இருந்த இடம். ஆக, விலை கிடைப்பது கிளை இல்லாமல் வளர்ந்த மரத்துக்கு.

அப்படியானால் ஒரு மரம் ஏன் கிளை விடாமல் அறுபது எழுபது அடி போகிறது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் என்னை இதை எழுதவைத்தது.

செர்ரிப்பட்டை ஓக்கைத் திறந்த வெளியில் தனியாக நட்டால் அது நேராக வளராது. ஒளி எல்லாப் பக்கமும் கிடைப்பதால் தாழவே கிளை பரப்பி, குட்டையாக, அகலமாக நிற்கும். நிழலுக்கு நல்லது. மில்லுக்கு ஒன்றுக்கும் ஆகாது. காட்டில் அதை நேராக்குவது அதன் அண்டை மரம். அந்தத் திட்டுகளில் இதோடு சேர்ந்து வளர்வது ஸ்வீட்கம். ஐந்து முனை நட்சத்திரம் போன்ற இலை, முள்ளுருண்டை போன்ற காய், காற்றில் பறக்கும் சிறு விதை. மத்திய மிசிசிப்பியின் படுகைக் காடுகளில் இரண்டும் ஒரே காலத்தில் முளைத்து வளர்ந்த இடங்களைத் தேர்ந்து, வளையங்களை எண்ணி, அவற்றின் வரலாற்றை 1980களில் வனவியலாளர்கள் மீட்டெடுத்தார்கள். முதல் இருபது ஆண்டுகள் போல ஸ்வீட்கம்தான் முந்துகிறது. ஓக் அதைவிடக் குட்டையாக, அதன் நெருக்கத்தில் தவிப்பதுபோல் இருக்கிறது. பார்ப்பவர் யாரும் ஓக் தோற்றுவிட்டது என்றே நினைப்பார். ஆனால் அந்த நெருக்கத்தில் ஓக்கின் கீழ்க்கிளைகள் நிழல்பட்டுக் காய்ந்து உதிர்கின்றன. காற்றில் இரண்டும் உரசும்போது பக்கக் கொப்புகள் ஒடிகின்றன. வேறு வழி இல்லாமல் தண்டு மேல்நோக்கியே போகிறது. இருபது, இருபத்தைந்து வயதில் ஓக் ஸ்வீட்கம்மை எட்டிப்பிடிக்கிறது. பிறகு தாண்டி, மேலே போய்த் தலையை விரிக்கிறது. அதற்குப் பிறகு ஸ்வீட்கம் அதன் நிழலில் மெல்லத் தேய்ந்து பின்தங்குகிறது, பல இடங்களில் இறந்தும்விடுகிறது.

ஒரு மரத்தின் நேர்மை இன்னொரு மரத்தின் உழைப்பு. அறுவை மில்லில் முதல்தரம் என்று சுண்ணாம்புக் குறி விழும் அந்தக் கணுவற்ற தண்டை வடித்தது, விலை குறைந்தது என்று ஒதுக்கப்படும் ஸ்வீட்கம். இந்த உண்மை தெரியாத காலத்தில், ஓக்குக்கு உதவுவதாக எண்ணி இளங்காட்டில் ஸ்வீட்கம்மை வெட்டி எடுத்தார்கள். திடீரென்று ஒளி பட்ட ஓக்கின் தண்டில், பட்டைக்கு அடியில் உறங்கிக்கிடந்த மொட்டுகள் விழித்துப் புதுக் கிளைகளாக முளைத்தன. தண்டு முழுக்கக் கணு. உதவி என்று நினைத்துச் செய்த வேலை மரத்தின் விலையைக் கெடுத்தது. காட்டில் எதை அகற்றுகிறோம் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது, அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது வெட்டிய பிறகுதான் தெரிகிறது.

கொட்டையின் கதையும் இதே மாதிரி பிறர் கையில்தான் இருக்கிறது. சிவப்பு ஓக்குகளுக்குப் பூத்து, காய்த்து, முற்ற இரண்டு கோடைகள் வேண்டும். இந்த வசந்தத்தில் பூத்தது அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில்தான் விழும். செர்ரிப்பட்டை ஓக் இருபத்தைந்து வயதில்தான் காய்க்கத் தொடங்குகிறது. ஐம்பதுக்கு மேல் போனால்தான் அள்ளித் தரும். கொட்டை நம் விரல்நுனி அளவுதான், தலையில் ஆழமில்லாத தொப்பி. வெள்ளை ஓக் கொட்டை விழுந்தவுடன் முளைவிடும். சிவப்பு ஓக் கொட்டை குளிர்காலம் முழுக்கத் தூங்கி வசந்தத்தில்தான் முளைக்கும். அணிலுக்கு இது தெரியும். வெள்ளை ஓக் கொட்டையை அங்கேயே தின்றுவிடும், அல்லது முளைக்கருவைக் கடித்து எடுத்துவிட்டுப் புதைக்கும். கசப்பு மிகுந்த சிவப்பு ஓக் கொட்டையை முழுதாகவே எடுத்துப்போய் அங்கங்கே புதைத்துவைக்கும், சேமிப்பாக. நீல ஜே பறவையும் இப்படியே. புதைத்ததில் மறந்துபோனவை கன்றாகின்றன. வித்து வாங்குபவர்கள் கொட்டையைத் தண்ணீரில் கொட்டிப் பார்ப்பார்கள். நல்லது மூழ்கும், வண்டு குடைந்தது மிதக்கும். விதைநெல்லை உப்புத்தண்ணீரில் போட்டுப் பதர் நீக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மிதக்காத கொட்டையைத் தேடி நீருக்குள் தலையை விட ஒரு கூட்டம் இருக்கிறது: வாத்து. வடக்கே கனடாவிலிருந்து குளிர்காலத்தில் தெற்கே இறங்கும் மல்லார்டு வாத்துகளுக்கு இந்தச் சிறிய ஓக் கொட்டைகள் முழுங்கத் தோதானவை. வயிற்றின் அரைப்பை அவற்றை உடைத்துக்கொள்ளும். ஆர்க்கன்சாவில் ஸ்டட்கார்ட் என்ற ஊரைச் சுற்றி, 1930களில் இருந்து ஒரு முறையைக் கைக்கொண்டார்கள். ஓக் காட்டைச் சுற்றிக் கரை எழுப்பி, இலையுதிர்காலத்தில் நீரைத் தேக்கிவிடுவது. மரம் இலை உதிர்த்து உறங்கும் காலம் என்பதால் வேருக்கு மூச்சு அதிகம் தேவைப்படாது. வாத்துகள் இறங்கும், வேட்டைக்காரர்கள் வருவார்கள். வசந்தத்தில் மொட்டு விடுவதற்குள் நீரை வடித்துவிட வேண்டும். சொல்லும்போது எளிது. ஆனால் சீக்கிரம் தேக்கி, தாமதமாக வடிக்கும் ஆசை ஆண்டுக்காண்டு வளர்ந்தது. மரங்கள் உடனே சாகவில்லை. அடி வீங்கி, உச்சி காய்ந்து, காய்ப்பு குறைந்து, பத்து இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டு செத்தன. அரசு நடத்தும் நீர்த்தேக்கக் காடுகளிலேயே சிவப்பு ஓக்குகள் ஏக்கர் ஏக்கராக மாண்டதைப் பார்த்தபிறகுதான் நீர்விடும் நாள்களை மாற்றி எழுதினார்கள்.

இப்போது அந்த இரண்டு முழத்துக்குத் திரும்பவேண்டும்.

இல்லினாயின் தென்முனையிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை மிசிசிப்பி ஆற்றின் படுகையில் ஒரு காலத்தில் ஏறக்குறைய 2.4 கோடி ஏக்கர் காடு இருந்தது. அமெரிக்கத் தெற்கின் செழித்த மண் அதுதான். அதில் பருத்தி போட வந்தவர்கள் முதலில் எங்கே கோடாலி வைத்தார்கள்? வெள்ளம் வடிந்ததும் முதலில் உலரும் இடத்தில். உழுவதற்கு இளகிய வண்டல் உள்ள இடத்தில். பள்ளத்துக் களியில் ஏர் இறங்காது. திட்டில் இறங்கும். செர்ரிப்பட்டை ஓக் தேர்ந்த மண்ணையே பருத்தியும் தேர்ந்தது. மரத்தின் குறை எதுவுமில்லை. அதன் தேர்வு மனிதனின் தேர்வோடு ஒத்துப்போனது, அவ்வளவுதான். முதலில் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களின் கைகளால், உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்றும் நிலம் பெறாத அதே மக்களின் கைகளால், சிறைக்கைதிகளின் கைகளால் அந்தத் திட்டுகள் வெட்டித் திருத்தப்பட்டன. நின்ற மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்துச் சாகவிட்டு, காய்ந்தபின் எரித்தார்கள். உலகத்தின் மிகச் சிறந்த ஓக் கட்டை பலகையாகக்கூட ஆகாமல் சாம்பலானது. பச்சை ஓக்கின் கனம் அப்படி, ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோக முடியாது. சைப்ரஸைக் காயவைத்தாவது மிதக்கவிட்டார்கள். ஓக் ரயிலுக்காகக் காத்திருக்கவேண்டியிருந்தது.

1880களுக்குப் பின் ரயில் வந்தது. வடக்கத்தி மரக் கம்பெனிகளும் வந்தன. மெம்பிஸ் நகரம் தன்னை உலகத்தின் கடினமரத் தலைநகர் என்று சொல்லிக்கொண்டது. 1927இல் மிசிசிப்பி கரைகளை உடைத்துக்கொண்டு வந்த பெருவெள்ளத்துக்குப் பின் கரைகள் இன்னும் உயர்த்தப்பட்டன. வெள்ளம் வராது என்ற நம்பிக்கை வந்ததும் பள்ளத்துக் காடும் விளைநிலமாகத் தெரிய ஆரம்பித்தது. 1960களிலும் 70களிலும் சோயாபீன் விலை ஏறியபோது புல்டோசர்கள் அதையும் எடுத்துக்கொண்டன. இன்று மிஞ்சியிருப்பது பழைய பரப்பில் ஐந்தில் ஒரு பங்குபோல. அதிலும் பெரும்பகுதி பள்ளம்தான். திட்டுக்காடு மிக அரிது.

நம் தையல்கடைகளில் பொன்னெழுத்தில் பார்த்துப் பழகிய சிங்கர் என்ற பெயர் இந்தக் கதையில் ஓரிடத்தில் வருகிறது. தையல் மிஷின்களின் மரப்பெட்டிக்காக அந்தக் கம்பெனி 1913இல் லூசியானாவின் டென்சாஸ் ஆற்றுப் படுகையில் எண்பதாயிரம் ஏக்கருக்கு மேல் காடு வாங்கிப்போட்டது. நெடுங்காலம் வெட்டாமலும் விட்டுவைத்தது. அதனாலேயே ஸ்வீட்கம்மும் சிவப்பு ஓக்குகளும் நிறைந்த அந்தக் காடு, யானைத்தந்த நிற அலகுடைய பெரிய மரங்கொத்திக்குக் கடைசிப் புகலிடம் ஆனது. 1937இல் வெட்டும் உரிமை சிகாகோவின் பெட்டி செய்யும் மரக் கம்பெனி ஒன்றுக்குப் போனது. அதே ஆண்டில் அங்கே அந்தப் பறவையை ஆராயத் தொடங்கிய ஜேம்ஸ் டேனர் என்ற இளைஞர், எந்த மரங்களில் அது இரை தேடுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். வயதான, சாகத் தொடங்கிய பெருமரங்கள். அவை இல்லாவிட்டால் பறவை இல்லை என்று எழுதினார். நான்கு மாநில ஆளுநர்கள் கேட்டுக்கொண்டும் கம்பெனி நிறுத்தவில்லை. உலகப்போர்க் காலத்தில் ஆள் பற்றாக்குறைக்கு ஜெர்மானியப் போர்க்கைதிகளைக் கொண்டுவந்து வெட்டினார்கள். 1944 ஏப்ரலில் டான் எக்கல்பெரி என்ற ஓவியர், வெட்டப்பட்ட காட்டின் ஓரத்தில் எஞ்சிய ஒரே ஒரு பெண்பறவையைப் பார்த்து வரைந்தார். யாவரும் ஏற்கும்படியாக அமெரிக்காவில் அந்தப் பறவையைக் கண்டவர் அவருக்குப் பின் இல்லை.

காங்கரி தப்பியது வேறு விதமாக. ஃபிரான்சிஸ் பீட்லர் என்ற சிகாகோ மரவணிகர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வாங்கிய காடு அது. சைப்ரஸை வெட்டி ஆற்றில் விட்டார்கள், நிறைய மூழ்கிப்போயின, கட்டுப்படியாகவில்லை, பதினைந்து ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். திட்டின் ஓக்குகள் அப்படியே நின்றன. ஹாரி ஹாம்ப்டன் என்ற பத்திரிகையாளர் 1950களிலிருந்து இதைக் காக்கவேண்டும் என்று தனியாக எழுதிக்கொண்டே இருந்தார். 1969இல் மரவிலை ஏறி மறுபடியும் வெட்டத் தொடங்கியபோதுதான் மற்றவர்கள் காதில் அது விழுந்தது. 1976இல் அரசு வாங்கிக் காப்புநிலம் ஆக்கியது. 2003இல் தேசியப் பூங்கா. பதினோராயிரம் ஏக்கர் அளவுக்கு வெட்டுப்படாத படுகைக்காடு ஒரே இடத்தில் இருப்பது அமெரிக்கா முழுவதிலும் இங்கே மட்டும்தான். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் இதன் உச்சிமரங்களில் நிறையச் சாய்த்தது. சாய்ந்ததை யாரும் அள்ளவில்லை. நாங்கள் நடந்த பாதையோரத்தில் அப்படி விழுந்த ஒரு தண்டு பாசி மூடிப் பாதி மண்ணாகிக் கிடந்தது. நண்பர் அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனார். நானும் அப்படியே போனேன்.

டென்சாஸில் இப்போது வனவிலங்குக் காப்பகம் இருக்கிறது, 1980இலிருந்து. 1990இல் வந்த ஒரு சட்டத்தின்படி, வெள்ளம் ஏறும் வயல்களை மீண்டும் காடாக்க விவசாயிகளுக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. மிசிசிப்பிப் படுகை நெடுகச் சோயாபீன் நின்ற நிலத்தில் ஓக் கன்றுகளை நட்டிருக்கிறார்கள், பன்னிரண்டு அடிக்கு ஒன்று, ஏக்கருக்கு 302. தாழ்ந்த இடங்களில் நட்டல் ஓக், கொஞ்சம் உயர்ந்தால் வில்லோ ஓக், திட்டில் செர்ரிப்பட்டை ஓக். தொடக்கத்தில் அவசரத்தில் இனம் மாற்றி நட்டதில் திட்டு மரம் பள்ளத்தில் நின்று செத்ததும் உண்டு. இரண்டு முழத்தைக் கண்ணால் அளக்கத் தவறியதால் வந்தது. பிழைத்தவை வரிசையாக, திறந்த வானத்தின் கீழ், தாழவே கிளை விட்டு வளர்ந்தன. பன்னிரண்டு அடி இடைவெளியில் தொடுவதற்கு அண்டை இல்லை.

ஆனால் பக்கத்தில் எங்காவது பழைய காட்டின் ஒரு துண்டு இருந்தால் காற்று சும்மா இருப்பதில்லை. சிறகுள்ள விதைகள் வரப்பு தாண்டி வந்து விழுகின்றன. மூன்றாம் நான்காம் ஆண்டில் ஓக் வரிசைகளுக்கு நடுவே, நட்சத்திர இலையோடு, நடாத ஒரு கன்று தலைகாட்டும். களை என்று அதைப் பிடுங்கியவர்கள் உண்டு. இப்போது சிலர் விட்டுவைக்கிறார்கள். அது வேகமாக வளரும். பத்து ஆண்டுக்குள் ஓக்கைத் தன் நிழலுக்குள் இழுத்துக்கொள்ளும். ஓக்கின் கீழ்க்கிளைகள் ஒவ்வொன்றாகக் காயத் தொடங்கும்.